எட்டுத் தாளக்கட்டு

இந்த நாற்காலி பரவாயில்லை, ஐயா. கைப்பிடி இல்லாத நாற்காலியில்தான் எனக்கு உட்கார வரும். கைப்பிடி இருந்தால் கிட்டார் மடியில் நிற்காது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

எங்கள் இசைக்குழுவில் எண்பது பேர். வயலின் மட்டுமே முப்பதுக்கு மேல். கிட்டாருக்கு நான் ஒருத்தன், கடைசி வரிசையில், பெரிய முரசுக்குப் பக்கத்தில். இருநூறு தாளக்கட்டு சும்மா எண்ணிக்கொண்டிருந்துவிட்டு ஆறு தாளக்கட்டு வாசிப்பேன். அந்த ஆறையும் முரசு விழுங்கிவிடும். ஒரு மைக் வையுங்கள் என்று, கோல் பிடித்து எங்களை நடத்துகிற மாஸ்டரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். மைக் வைத்தால் இசையின் இயல்பு கெட்டுவிடும் என்பார். சரி என்று வந்துவிடுவேன். நான் கோபக்காரன் இல்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது. ஒவ்வொரு கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகும்போதும், "அப்பா, இதுல உங்க சத்தம் எதுப்பா?" என்று கேட்பாள். அடுத்த தடவை கேட்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் என் தம்பி வந்தான். அவனும் கிட்டார்தான், ஆனால் தனி வாசிப்பில் பேர் வாங்கியவன். முன்னால் உட்கார்ந்து அவன் வாசிக்க, எங்கள் குழு பின்னால் துணைக்கு வாசிக்கும் ஒரு பெரிய இசைக்கோவை. அவனுக்காக வயலினைப் பாதியாகக் குறைத்தார்கள். முரசின்மேல் துணி போட்டார்கள். அவன் கிட்டாரில் ஒயர் இல்லாத, பட்டாணி அளவு மைக் ஒன்றையும் மாட்டினார்கள். இசையின் இயல்பைப் பற்றி மாஸ்டர் மூச்சு விடவில்லை.

எனக்கு அதில் எள்ளளவும் பொறாமை இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் இரண்டாம் பகுதியில் ஓர் இடம் வரும். தம்பியின் கிட்டார் கேள்வி கேட்டதுபோல் நிற்கும். மற்ற எல்லோரும் ஓய்ந்திருப்பார்கள். குழுவின் கிட்டார் எட்டுத் தாளக்கட்டு பதில் சொல்லும். நான் மட்டும். அதை வீட்டில் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

நேற்றுக் காலை இறுதி ஒத்திகை. வீட்டு ஆட்கள் வந்து கேட்கலாம் என்றார்கள். மகள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். முதல் பகுதி முடிந்து இடைவேளை விட்டதும் தம்பி மேடைக்குப் பின்னால் என் அறைக்கு வந்தான். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசையில் கை ஊன்றி நின்றான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத. நீ வாசிக்கிறது என் மைக்ல விழுந்து குழப்புது. அந்த எட்டையும் நானே வாசிச்சிடறேன். நீ கம்பியைத் தொடாம கையை மட்டும் ஆட்டு, போதும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் தோளைக்கூடத் தட்டினான்.

"பாப்பா வந்திருக்காடா," என்றேன்.

"பாப்பாவுக்கு என்னண்ணா தெரியப்போகுது?"

கிட்டார் வாசிக்கிறவர்கள் இடது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சின்னக் கால்மணை ஒன்று வைத்திருப்போம். என்னுடையது இரும்பு. முதல் அடி மேசைமேல் இருந்த வலது கையில். எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதே தொழில்தானே. நான்கு விரல்கள் ஒரே அடியில் போயின. இரண்டாவது தாடையில். மூன்றாவதில் விழுந்தான். மிச்சம் ஐந்தும் தலையில். ஐந்தாவது அடியிலேயே உயிர் போயிருக்கும் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் எண்ண ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது எனக்கு வராது.

அவன் கிட்டாரில் மைக்கை அணைக்க மறந்துவிட்டதாக ஒலிக்காரர் அழுகிறாராம். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், நல்ல மனிதர். கிட்டாருக்குச் சத்தம் குறைவு என்று ஒலியை உச்சத்தில் வைத்திருந்தார், அது அவர் வேலை. முதல் அடி விழுந்ததுமே சுவருக்கு அந்தப் பக்கம், அரங்கத்திலிருந்து, அது எனக்குத் திரும்பக் கேட்டது. தம்பி "அண்ணா, வேணாம்" என்றதும் கேட்டது. என் மூச்சுகூடக் கேட்டது. மைக்கின் பச்சை விளக்கு என் முட்டிக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் அணைத்திருக்கலாம்.

கொன்றது நான்தான். தெரிந்துதான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்றிலிருந்து மகள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள். சின்னப் பெண், களைத்திருப்பாள். அப்பா சத்தம் எது என்று இனிமேல் அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவளுக்காகத்தான், ஐயா, அந்த விளக்கை அணைக்காமல் விட்டேன்.