சந்தனம் வைத்த லப்டொப்

லண்டன் ஹரோவிலிருந்து வரும் ரயிலில், எதிரே இருந்த இரண்டு அம்மாக்களின் பேச்சிலிருந்து நான் அறிந்தவை:

1. ஒருவர், தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சரிட்டி ஷொப்பில் மகளுக்குப் பழைய லப்டொப் ஒன்று மலிவாக வாங்கினார்.
2. சரஸ்வதி பூசைக்கு அதைப் புத்தகங்களோடு சாமிப்படத்தின் முன் திறந்து வைத்து, குழைத்த சந்தனத்தால் பொட்டுகள் வைத்தார்.
3. மறுநாள் எட்டு விசைகள் ஒட்டிக்கொண்டன. மகள் திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கட்டுரை பாதியில் நின்றது.

"கீபோட்டுக்குமோ சந்தனம் வைச்சனீங்கள்?" என்றார் தோழி.

"ஓம். புத்தகத்துக்கு வைச்சுப்போட்டு இதை விடலாமோ?"

"பிள்ளை ஏசேல்லையோ?"

"நல்லா ஏசினவள். பிறகு என்ரை கொண்டை ஊசியாலை ஒவ்வொரு எழுத்தாக் கிளப்பி, பல்லுத் தீட்டுற பிரஷ்ஷாலை துடைச்சுத் திரும்பப் பூட்டினவள். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை, எஞ்சினியர் வேலை பாத்திருக்கிறாள்!"

"ஆர் சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தருமில்லை. கழட்டேக்கை ஒரு கடதாசியிலை படம் கீறி வைச்சவள், எது எங்கை எண்டு. அந்தக் கடதாசியை நான் எறியேல்லை."

அந்த அம்மா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தோழியிடம் நீட்டினார்.

"அடுத்த வருசம் மூடிக்கு மட்டும்தான் சந்தனமாம். நானும் ஓமெண்டிட்டன்."

கட்டுரை நேரத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. எட்டு விசைகளும் வேலை செய்கின்றன.