கடலுக்கு முன் அல்சூர் ஏரி

பீன்யா பட்டறையில் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னதும் நடக்கத் தொடங்கியவன், கால் வலித்ததும் அல்சூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வரும் ஒரு அம்மா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள்.

“நான் கடலுக்கு வேலைக்குப் போறேம்மா,” என்றாள் மகள்.

“இந்த ஊர்ல ஏதுடி கடலு?”

“ஸ்கூலுக்கு ஒரு மேடம் வந்து ஸ்லைடு காட்டினாங்க. கடலுக்கு அடியில போயி பவளப்பாறைய ஆராய்ச்சி பண்ற வேலையாம். மங்களூர்ல போயி படிக்கலாமாம்.”

“நீச்சல் தெரியுமா உனக்கு?”

“கத்துக்கறேன்.”

“குழாயடியில வழுக்குனாலே ஊரக் கூட்டுவ. உங்கப்பா கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு.”

“நீ சொன்னா கேப்பாரு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை அல்சூர் ஏரியில போட்ல ஏறு. நடுவுல போயும் கத்தாம உக்காந்திருந்தா அப்பாகிட்ட பேசறேன்.”

“நீயும் ஏறணும்.”

“நானா? பேடாம்மா, பேடா! வேணவே வேணாம். எனக்குத் தண்ணின்னாலே நடுக்கம்.”

“அப்ப நான் மட்டும் எப்பிடி ஏறுவேன்?”

“சரி, ஏறித் தொலைக்கறேன்.”

மறுநாள் காலை அந்த ஏரிக்குப் போய் வேலை கேட்டேன். ஒழுகும் படகுகளுக்குத் தார் பூசச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டுமாம்.