அம்மாவுக்காகப் பூசிய சாயம்

எண்பதுகளில் ஒரு நாள், மலேசியாவில் ஈப்போவிலிருந்து சுங்காய் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் ஏதோ சலூனில் வேலை செய்பவள். மற்றவளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

“எங்கம்மா என்னையே அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க லா,” என்றாள் மூத்தவள். “நரைச்ச தலையப் பார்த்து யாரோன்னு நெனச்சிட்டாங்க. சோறு ஊட்டும்போதெல்லாம், ‘எம் மக எங்கே’ன்னு என்கிட்டயே கேப்பாங்க.”

“அதுக்குத்தான் என்கிட்ட சாயம் கேட்டீங்களாக்கா? சொன்ன மாதிரி கலந்தீங்களா?”

“டியூப் மருந்தும் தண்ணி மருந்தும் சரிபாதி. பிளாஸ்டிக் மங்குலதான் கலந்தேன். அரை மணி நேரம் ஊறவிட்டு அலசினேன். கண்ணெல்லாம் எரிஞ்சிச்சு.”

“அம்மா பார்த்தாங்களா?”

“பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையப் பிடிச்சிக்கிட்டாங்க.”

“நல்லதுதானேக்கா. ஏன் அழுவுறீங்க?”

“‘ஏன்டி இத்தனை நாளா என்னைப் பார்க்க வரல’ன்னு கேட்டாங்க. மூணு வருஷமா நான்தானே குளிப்பாட்டுறேன். ‘வேலை அதிகம்மா, இனிமே எங்கயும் போகமாட்டேன்’னு சொல்லிட்டேன்.”