சிவமலர் கொண்டுவந்த சொல்

அவைத்தலைமையை அணிசெய்யும் பேரின்பநாயகம் ஐயா அவர்களே! ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைக்க வந்த அன்னையரே! வெளியே பொழியும் வெண்பனிபோல் மெல்ல, மிக மெல்ல, உங்கள்மேல் ஒரு சொல்லை உதிர்க்க வந்திருக்கிறேன். நோர்வே நாட்டுச் சொல். 'த்ரிக்'!

என்ன, பின்வரிசை அண்ணை சிரிக்கிறீர்கள்? மாயவித்தைக்காரரின் தந்திரம் அல்ல ஐயா இது! அச்சம் அகன்று, உள்ளம் அமைதியில் ஆழ்ந்திருக்கும் நிலையைச் சொல்வது.

அதை எங்கள் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவர், பேர்கன் நகரில் வளர்ந்து, என் தம்பி திருமாறனைக் கைப்பிடித்து மொன்றியல் வந்த சிவமலர். இருவரும் இதோ அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இசைந்ததால்தான் சொல்கிறேன்.

தம்பி, யுத்தம் முடியும்வரை வன்னியில் அகப்பட்டுக் கிடந்தவன். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டான். பூட்டியபின் உறங்கினானா? கட்டிலில் சாய்ந்தானா? கதிரையில் இருந்தபடி கண்ணை மட்டும் மூடுவான். மனைவியின் கை பட்டாலும் துள்ளி எழுவான்.

ஒருநாள் சிவமலர் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதார். "மச்சாள், அவர் பயப்பிடுறது எனக்குப் பாரமில்லை. நான் பக்கத்திலை இருந்தும் அவர் தனியத்தான் இருக்கிறார். நான் பேர்கனுக்கே போகப்போறன்."

அவரை அழைத்துப்போக வந்த தம்பி திகைத்தான். "எல்லாம் பூட்டித்தானே வைச்சிருக்கிறன். இன்னும் என்ன பாதுகாப்பு வேணும்?"

"பாதுகாப்பா இருக்கிறியள். த்ரிக்கா இல்லை. முந்தி அந்தச் சொல்லுக்கு 'நம்பத்தக்க' எண்டுதான் கருத்து. நம்பக்கூடிய ஆளைச் சொல்லுறது. பேந்துதான், அப்பிடி ஒரு ஆளுக்குப் பக்கத்திலை வாற நிம்மதியையும் சொல்லத் தொடங்கினவை."

கேட்டீர்களா, அவையோரே! மதிலிலா பிறந்தது அச்சொல்? மனிதரிலே பிறந்தது! மரம்போல் உறுதியாய் நிற்பது என்பதே அதன் ஆதிவேர் என்று கருதும் அறிஞரும் உண்டு.

அன்றிரவும் தம்பி பூட்டிவிட்டுக் கதிரையிலேயே இருந்தான். சிவமலர் பேர்கனுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். புறப்பட முன், ஸ்னோடனில் உள்ள உறவினரிடம் விடைபெற்று, இருவரும் மெட்ரோவில் திரும்பினார்கள். மாலை மயக்கம். வண்டி தாலாட்ட, தம்பியின் தலை சரிந்து சிவமலரின் தோளில் சாய்ந்தது. உறங்கிவிட்டான்! முன்பின் அறியாதார் நடுவிலே, மூடித் திறக்கும் கதவுகளின் அருகிலே, குழந்தைபோல் உறங்கிவிட்டான்!

இறங்கவேண்டிய பார்க் நிலையம் வந்தது. சிவமலர் எழுப்பவில்லை. அடுத்தது வந்தது. அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாராம்! செயின்ட்-மிஷேலில் பாதை முடிய, எல்லாரும் இறங்கினார்கள்.

தம்பி விழித்தான். "எங்கை நிக்கிறம்?"

"செயின்ட்-மிஷேலிலை."

"ஏனப்பா எழுப்பேல்லை?"

சிவமலரின் கண் நிறைந்துவிட்டது. தம்பி அவர் கையைப் பற்றினான். "கனவிலை கடல் வந்தது மலர். சனம் கரையிலை இருந்து கதைச்சுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் ஓடேல்லை. நீர் போகாதையும்."

போகவில்லை, பெருமக்களே! போகவில்லை!

ஓம் அம்மா, கண்ணைத் துடையுங்கள், எனக்கும் அப்படித்தான். அஞ்சி அஞ்சி விழித்திருந்த இனம் நாம். எத்தனை கடல் தாண்டியும் இமை மூடாதோர் எத்தனை பேர், இந்த அரங்கிலேயே எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் உங்கள் அருகே கண்ணயர்ந்தால், எந்த ஊர் தாண்டிப் போனாலும் போகட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், உங்கள் தோளை மட்டும் அசைக்காதீர்கள்!

செவிதந்த சபைக்கு என் சிரம்தாழ்ந்த நன்றி. வணக்கம்.