பீலி இருந்த இடம்

சாமம் கழிந்து, விடியலுக்கு இன்னும் நேரம் இருக்கிற வேளை. அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகிற தோட்டத்து ரோடு. ரோடு முடிகிற இடத்தில் ஒரு வேன்... வேனுக்குள் இரண்டே பேர்.

கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். நம்ம கிஷாந்தின் சித்தப்பா சுதாகரனைத் தெரியுமல்லவா, வட்டவளையில் வேன் ஓட்டுகிறவர்? பனி மாதம் வந்தால் மனுஷன் வாசல் கதவை உள்ளே பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் படுப்பார். கள்ளனுக்குப் பயம் என்று கேலி பண்ணுவோம். கள்ளனுக்கு இல்லை.

அவர் தன் பழைய வேனை வீடாக மாற்றியிருந்தார். கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, எல்லாம் உள்ளேயே. உறைபனி பார்க்க வருகிற கொழும்புக்காரர்களை அதில் தங்க வைப்பதாகத் திட்டம். முதல் ஆட்கள் சனிக்கிழமை வருகிறார்கள். அதற்கு முன்னால் தானே ஒரு ராத்திரி பனியில் படுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் ஸ்பொஞ்ச் அடைத்தார். பேட்டரிக்குச் சாக்குச் சுற்றினார். மிச்சம் ஒரு வேலை. தாங்கித் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். இருட்டுவதற்குள் அடி வால்வைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வெளியே விட வேண்டும்.

அவர் பிடித்த இடம்தான் வினை. மலைச் சரிவில் மட்டமான ஒரு துண்டு நிலம். முன்பு அங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடு, ஒரு லயம் இருந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு மழையில் மேல்மண் சரிந்து லயத்தை அப்படியே மூடிவிட்டது. சுதாகரனின் மனைவி நாகலெட்சுமி பிறந்த லயம் அது. அவள் அக்கா வீரம்மா அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன், மலையூற்று விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள். மண் வந்தது. அக்கா கிடைக்கவே இல்லை.

"அந்த எடம் வேணாங்க" என்று நாகலெட்சுமி ஒரு தடவைதான் சொன்னாள். வேன் ஆடாமல் நிற்க வேறு இடம் காட்டு என்றார் இவர். தனியாக விட மனமில்லாமல் கூடவே வந்தாள், பாவம்.

பொழுது சாய வால்வைத் திறந்தார். தண்ணீர் கல்லில் கொட்டுகிற சத்தம். உள்ளே இருந்தவள் ஓடி வந்து அதையே பார்த்தாள்.

"பீலி இங்கதாங்க இருந்துச்சு. இதே சத்தம்."

பீலியில் ஒரு வழக்கம் உண்டு. முந்தி வருகிறவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். அந்த இடத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். சிறுவயதில் அக்காவின் குடத்துக்குப் பின்னால்தான் தன் குடம் நிற்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தாங்கி காலியானது. காலைத் தேநீருக்கென்று ஒரு மஞ்சள் கேனில் மட்டும் தண்ணீர் எடுத்துக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் படுத்தார்கள்.

சுதாகரனுக்கு விழிப்பு வந்தபோது தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சளசளவென்று... கல்லில். உள்ளே குழாயைத் திருகிப் பார்த்தார். வெறும் காற்று. அப்புறம் இன்னொரு சத்தம். கர்ர்ர்... அலுமினியக் குடத்தைக் கல்லில் இழுக்கிற சத்தம். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்... கர்ர்ர். புதிதாக வெட்டிய மண்ணின் வாடை வேனுக்குள் நிறைந்தது.

பக்கத்தில் கை போட்டார். மெத்தை சில்லென்று கிடந்தது. கட்டிலடியில் கேனும் இல்லை.

டோர்ச்சோடு வெளியே பாய்ந்தார். புல்லெல்லாம் வெள்ளை. பனியில் அவளுடைய காலடி மட்டும்தான் இருந்தது. ஆனால் வேனுக்கு அடியிலிருந்து ஒரு வரிசை. நசுங்கிய குடங்கள், மண் அப்பிய வாளிகள்... கடைசியில் மஞ்சள் கேன். அதன் பக்கத்தில் ஸ்வெட்டர் கூட இல்லாமல் நாகலெட்சுமி நின்றாள். காலித் தாங்கியிலிருந்து முதல் குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"மெதுவா பேசுங்க" என்றாள். "அக்கா முன்னுக்கு நிக்கிது. இன்னும் கொஞ்சப் பேருதான்."

முன்னால் இருந்த வாளி தானாக ஒரு சாண் நகர்ந்தது. அவள் குனிந்து கேனையும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

சுதாகரன் ஓடிப்போனார். அவளை அப்படியே தூக்கி வேனுக்குள் போட்டார். சாவியைத் திருகினார். இஞ்சின் முனகி அடங்கியது. மறுபடி திருகினார்... அடங்கியது. வெளியே கர்ர்ர். மூன்றாம் தடவை பிடித்தது. பேட்டரிக்குச் சாக்குச் சுற்றிய புண்ணியம்.

அவள் கத்தவில்லை. பின்கண்ணாடி வழியாகக் கேனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என் எடம் போயிராதில்ல?"

அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னார். "போகாது. அதான் கேன் நிக்குதே."

அதைக் கேட்டதும் அவள் நிம்மதியாகத் தூங்கிப் போனாள். வட்டவளை வரை கண் திறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மரக்கறி லொறி ஓட்டுகிற லோஜன் அந்தப் பக்கம் போனான். வேனுக்கு வெளியே போட்டிருந்து, அவசரத்தில் அங்கேயே விட்டுவந்த மேசையை ஏற்றி வரும்படி சுதாகரன்தான் கேட்டிருந்தார். அங்கிருந்தே போன் எடுத்தான். குடம், வாளி ஒன்றையும் காணோமாம்.

"ஒரு மஞ்சக் கேன் மட்டும் இருக்குண்ணே. வேன் நின்ன எடத்துல, கல்லு மேல. பைப்பு ஒண்ணுமில்ல, மழையுமில்ல... ஆனா கேன்ல முக்காவாசி தண்ணி கெடக்கு. கொட்டிட்டு எடுத்தாரவா?"

 சுதாகரனுக்குப் பின்னால் வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாகலெட்சுமி தலைத்துண்டு கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் பேசியது அவளுக்குக் கேட்டிருக்க முடியாது.

"நெறையப் போவுதுங்க" என்றாள். "ஒடனே எடுக்கலேன்னா பின்னுக்கு நிக்கிறவங்க ஏசுவாங்க."