யார் கைக்கு எடுத்த கத்தி

என் பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளபடிதான். வயது ஐம்பத்திரண்டு. தையல் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலில் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவர் என் கணவர். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர். ஒரே மகள், கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வேண்டுமென்றே அவரை வெட்டினேன் என்று என் நாத்தனார் புகார் கொடுத்திருப்பதாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு முறையும், இங்கே ஸ்டேஷனுக்கு வந்த பிறகு ஒரு முறையும் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிற்று. இரண்டு முறையும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அதையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் புதர் மண்டிக் கிடந்தது. போன வாரம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பாம்புச் சட்டை ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். மகள் தவழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் தங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆள் வைத்து வெட்டிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். அதன் பிறகு சாப்பிடும்போதும் படுக்கும்போதும் போனில் கத்தி வீடியோவாகவே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியைப் பற்றிப் பரீட்சை வைத்தால் அவர்தான் முதல் மார்க் வாங்கியிருப்பார்.

சனிக்கிழமை காலையில் இருவரும் கடைத்தெருவில் உள்ள இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜை மேல் நாலைந்து வெட்டுக்கத்திகளைப் பரப்பி, "புதருக்குன்னா நீளமா மெல்லிசா எடுங்க சார். விறகுக்குன்னா கட்டையா, முதுகு தடிமனா இருக்கணும். ரெண்டு வேலையும் இருந்தா ரெண்டா எடுத்துக்கிறதுதான் நல்லது" என்றார். இவர் கேட்கவில்லை. ஒரே கத்தியில் இரண்டு வேலையும் நடக்க வேண்டும், காய்ந்து கிடக்கிற பெரிய கிளையையும் அதிலேயே துண்டு போட்டுவிட வேண்டும் என்றார். அதன் பிறகு கடைக்காரர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். நல்ல நீளம், நுனிப்பக்கம் அகலம், கனம் முழுக்க முன்னால் இருந்தது. "வீசிப் பாருங்க சார்" என்று கொடுத்தார்.

இவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை. இடது கையால் வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டி, "நீ வீசிப் பாரு" என்றார். கடையில் நின்றிருந்த ஒருவர், "அண்ணே, இன்னியிலேர்ந்து வீட்ல வாயத் தொறக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். நான் வீசிப் பார்த்தேன், மணிக்கட்டை இழுத்தது. கனமாக இருக்கிறது, அந்த மெல்லிசையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். "கனமா இருந்தா அதுவே வெட்டும். நீ சும்மா தூக்கிப் போட்டாப் போதும்" என்றார். பிடி என் கைக்கு அடங்குகிறதா என்று இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு சாணை பிடித்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்தோம். அந்த அம்மாதான் வீசிப் பார்த்து எடுத்தார்கள் என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னது அத்தனையும் நிஜம். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

நான் விட்டுவிட்ட விஷயம் இதுதான். என் கணவருக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறாது. மழைக்காலத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். சட்டை மாட்டிவிடுவதும் தலை துவட்டிவிடுவதும் நான்தான். டாக்டரிடம் போனால் சீட்டில் எழுதிவிடுவார்கள், கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று போகவில்லை. மகளுக்குத் தெரியாது, அவர் தங்கைக்கும் தெரியாது. புதர் வெட்ட ஆள் வைக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். முன்பெல்லாம் எல்லாவற்றையும் தானே வெட்டிய மனுஷர் இப்போது ஏன் ஆள் வைக்கிறார் என்று யாராவது கேட்டுவிடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு வெட்ட ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்றால், நான் வெட்டினேன், அவர் சொல்லிக்கொண்டிருந்தார். காலை அகட்டி நில், கையை மடக்காதே, அடியில் போடு என்று ஒரே உபதேசம். "வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்று நான் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டாம்.

புதர் முழுவதும் வெட்டி முடித்த பிறகு காய்ந்த கிளைக்கு வந்தோம். அது ஒவ்வொரு அடிக்கும் உருண்டது. கையால் அழுத்திப் பிடிக்க அவரால் முடியாது என்பதால், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கிளையின் மேல் இடது காலை வைத்து மிதித்துக்கொண்டார். தள்ளி நில்லுங்கள் என்றேன். "நீ போடு" என்றார். எனக்கும் கை ஓய்ந்திருந்தது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. போட்டேன். கத்தி ஒரு கணுவில் பட்டு, வழுக்கி, அவருடைய கெண்டைக்காலில் இறங்கியது. அவர் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, துணி எடுத்துட்டு வா" என்றார். என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அதன் பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போகிற வழியில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நானே வெட்டுனேன், கை தவறிடுச்சு. யார் கேட்டாலும் அதத்தான் சொல்லணும்." ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானும் முதலில் அதையே சொன்னேன். தன் காலின் பின்பக்கத்தை ஒருவர் தானே இப்படி வெட்டிக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் வராந்தாவில் உங்கள் ஆட்களிடம், வெட்டியது நான்தான் என்று சொன்னேன். கடையில் நடந்ததை யாரோ சொல்லி, நாத்தனார் வந்து, "எங்கண்ணன வெட்டத்தான் கடையில போய் வீசிப் பாத்து வாங்குனீங்களா அண்ணி?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். அதன் பிறகு உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வந்தார்கள். அவர் படுக்கையில் கிடந்தபடி இன்னமும் தானே வெட்டிக்கொண்டதாகத்தான் சொல்கிறாராம். என்னைக் காப்பாற்றவா, வண்டியைக் காப்பாற்றவா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் தெரியவில்லை.

எழுதிக்கொண்டிருந்த காவலர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, கை விஷயத்த எழுதுனா கம்பெனிக்குப் போகும். லைசென்சும் போயிடும். உங்க சம்பளத்துல ரெண்டு பேரும் ஓட்டணும். அவர் காலு ஆறினா சமாதானமாப் போயிடலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு யோசித்தேன்.

போன மாதம் ஒரு நாள் அவருடைய பஸ்ஸில் ஏறிப் போனேன். பாலத்துக்குப் பக்கத்து வளைவில் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையாலும் நெஞ்சாலும் ஸ்டியரிங்கைத் தள்ளித் திருப்பினார். நெற்றியெல்லாம் வேர்வை. பின்னால் இரவு வேலை முடித்த பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து, அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை. நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவர் கட்டிலில் கிடக்கிறார். பாவி, எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி அவர் என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும், வீட்டில் இருக்கட்டும்.

நான் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் கையைப் பற்றிய இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, சுயபுத்தியோடு சொன்னேன்.

(கையெழுத்து)
வெட்டுப்பட்டவரின் மனைவி