கடமான் வேட்டைக்கு நான் செய்த ஏற்பாடுகள்

இந்தக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொள்வதில் பயனில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், காற்று உள்ளே நுழையாது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் மேனேஜர் நெல்சன் துரை, நம்மூர்த் தமிழர்தான், அவருக்கும் சொன்னேன். வேட்டைக்குப் போன அன்று அவர் தேடிப் பிடித்து இங்கிலீஷ் பேப்பரை வைத்துக்கொண்டார். தமிழ்ப் பேப்பர் அவ்வளவு சூடு தராது என்று நினைத்தாரோ என்னவோ.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெய்வம்மா மனுக் கொடுத்திருக்கிறாள். புருஷன் பரமசிவன் செத்தது வெறும் விபத்துதானா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். துரை மான் என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டார் என்று அப்போதே எழுதி முடித்தாயிற்று. அந்த மனு மட்டும் ஆபீஸ் ஆபீஸாக இளைப்பாறி, இப்போதுதான் இத்தலார் மேட்டுக்கு ஏறி வந்திருக்கிறது. நீங்களும் அதன் பின்னால் மூச்சு வாங்க வந்துவிட்டீர்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது என் வழக்கமில்லை. உண்மையைச் சொன்னால், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று எனக்கும் இருந்தது. ஒரு வேலையை நறுவிசாகச் செய்து முடித்தவன், அது இன்னொருத்தர் பெயரில் இருப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்?

எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே இருக்கிற சோலையும் புல்மேடும் சர்க்கார் காடு. அந்த நாளில் வேட்டைச் சீட்டு வாங்கிய யாரும் போகலாம். சீட்டு ஒன்றுக்கு ஒரு கடமான், அதுவும் கொம்புள்ள ஆண். ஆனால் காட்டுக்கு மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நான்காவது பக்கம் எங்கள் தேயிலை. தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. காடு சர்க்காருடையது, கதவு எஸ்டேட்டுடையது, சாவி இந்த நல்லசாமியுடையது. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலேயே என் இடுப்புக்கு வந்த சாவி அது.

எனக்கு மேஸ்திரி வேலை. கொழுந்தெடுக்கிற பெண்களை அதட்டுவதற்கு எஸ்டேட்டில் மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. சாவி வைத்திருந்த மேஸ்திரி நான் ஒருவன்தான். வெலிங்டன் பக்கமிருந்து துப்பாக்கியும் தொப்பியுமாக வருகிற பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் என்னைப் பார்த்ததும் ஜீப்பை விட்டு இறங்கி நலம் விசாரிப்பார்கள். ஜீப்பில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிக்கிறவர்களுக்குச் சாவி தொலைந்துபோகும். அவர்கள் இறங்கி வந்து பக்குவமாகக் கேட்டால் அகப்பட்டுவிடும். இதில் தப்பொன்றும் இல்லை. காட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

நெல்சன் துரை வந்த வருஷமே தானும் ஒரு கடமானைச் சுட்டாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். முன்னாலிருந்த துரைமார் மாட்டிவைத்த கொம்புகள் பங்களாச் சுவரெல்லாம் இருந்தன. அவற்றின் நடுவே உட்கார்ந்து சாப்பிடும்போது சோறு இறங்கவில்லை போலும். சீட்டுக்கு எழுதிப் போட்டார். மெட்ராஸிலிருந்து பூட்ஸ் வந்தது. அது போட்ட சத்தத்தில் முயல்கூட ஊரைக் காலிசெய்துவிடும். உருளைக்கிழங்குச் சாக்கை சில்வர் ஓக் மரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பழகினார். மரத்தில் குண்டு பட்டது, சாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பனி பட்டால் மூக்குக் கண்ணாடி வேறு மங்கிவிடும். ஏதோ காலண்டரில் வேட்டைக்காரன் காலடியில் நாய் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, தன் நாய் டியூக்கும் கூட வரவேண்டும் என்றார். சீட்டு விதிப்படி நாய் கூடாது. அந்த நாயோடு மட்டும்தான் அவர் முழுக்க முழுக்க இங்கிலீஷில் பேச முடிந்தது. அதனால் நானும் மறுக்கவில்லை.

பரமசிவன் சிலோன்காரன். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டதில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, அங்கிருந்து எங்கள் தலையில் வந்து விடிந்தவர்களில் ஒருவன். நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிடுகிறேன். பொய் பேசமாட்டான், குடிக்கமாட்டான், கும்பிட்ட கையை இறக்கமாட்டான். எஸ்டேட்டில் தினக்கூலிதான். வரிசையாகக் கட்டிய கூலி லைனில் வீடு கிடையாது. பழைய உரக்கொட்டகையில் இன்னொரு குடும்பத்தோடு நடுவில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தெய்வம்மாவும் குழந்தைகளுமாக இருந்தான். கடைசிக் குழந்தைக்கு எந்நேரமும் இருமல்.

விறகு பொறுக்கப் போன இடத்தில் அவன் ஒரு காரியம் செய்துவிட்டான். அருவிக்குப் பின்னால் பாறை இடுக்கில் புகுந்து, ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, என் கதவுக்குப் பக்கத்தில்கூட வராமல் புல்மேட்டில் போய் நின்றுவிட்டான். போனவன் சும்மா இருந்திருக்கலாம். என்னிடமாவது வந்து சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது நேராகத் துரையிடம் போய்ச் சொன்னான்.

"தொர, அந்த கேட்டுக்கு சுத்திப் போகத் தேவையில்லைங்க. ஓடைய புடிச்சே ஏறிரலாம். சுருக்கா போயிரலாங்க."

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன நல்லசாமி, இத்தனை வருஷமா உனக்கு இது தெரியாதா?"

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆறுக்குட்டி என்று என்னிடம் வேலை பார்க்கிற பயல், என் இடுப்புச் சாவியைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. துரை அதோடு விடவில்லை. வேட்டை நல்லபடியாக முடிந்தால் பரமசிவனை அந்தப் புதுப்பாதைக்குப் பெர்மனென்ட் வாட்சராகப் போடுவதாகவும், லைனில் தனி வீடு தருவதாகவும் அங்கேயே சொல்லிவிட்டார். பரமசிவன் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். தெய்வம்மா அழுதாள். நான்தான் முதலில் கை தட்டினேன்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு ஒழுங்கு கெடுகிறதே என்ற கவலைதான். இன்றைக்கு அருவி வழியாகத் துரை போவார், நாளைக்குக் கண்டவனும் போவான். கதவைப் பூட்டிவிட்டு நான் யாருக்குத் திறந்துவிடுவது?

ஆகவே வேட்டைக்கு வேண்டிய ஏற்பாடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். காடு கலைக்கிற ஆட்களை நானே பொறுக்கினேன். அவர்கள் சோலையின் மறுகோடியில் இறங்கி, தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டே வருவார்கள். மிருகம் சத்தத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடைக்கு வெளியேறும். துரை எதிர்ப் பாறையில் காத்திருப்பார். பரமசிவனும் ஆட்களோடு வருகிறேன் என்றான். அன்றைக்குத்தான் பேச்சோடு பேச்சாகத் தன் ஊர் வேட்டையைப் பற்றிச் சொன்னான். கடமானை அவன் மரை என்பான், துப்பாக்கியைத் துவக்கு என்பான்.

"அங்கிட்டு தொரமார் துவக்கு எடுக்கமாட்டாங்க ஐயா. நாய்தான். மரை ஓடிக் களைச்சுப் போயி ஆத்துக்குள்ள எறங்கி நிண்டுக்கும். நாய்க சுத்தி நிண்டு கொரைக்கும். அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா கையில உள்ளதைப் போட்டுட்டு ஓடணும். முந்திப் போறவனுக்குத்தான் தொடைக்கறி. எங்க தோட்டத்துல நான்தான் எப்பவும் முந்துவேன்."

இளவட்டமாக இருந்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல தகவலை யார் சொன்னாலும் மனசில் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் பக்கம் முறை வேறு. சோலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய காட்டுப்பூவரசு நிற்கிறது. காடு கலைக்கிறவர்கள் அதைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. விசில் ஊதும்வரை மரத்தடியில் குந்தியிருக்க வேண்டும். தாண்டினால் துப்பாக்கிக்கு முன்னால் வந்துவிடுவார்கள். வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு இதைத் தெளிவாகச் சொன்னேன். பரமசிவன் மட்டும் அங்கே இல்லை. துரையின் பூட்ஸ் வழுக்காமல் இருக்க ஓடைப் பாதையில் படி வெட்டி வைக்கும்படி அவனை அனுப்பியிருந்தேன். அதுவும் செய்ய வேண்டிய வேலைதானே?

ஆறுக்குட்டி கேட்டான். "அந்தச் சிலோன்காரருக்கு ஆருங்க மேஸ்திரி சொல்றது?"

"அதெல்லாம் நாஞ் சொல்லிக்கறேன். நீ போயித் தகரத்த எடுத்து வையி."

சொல்ல மறந்துவிட்டேன் என்று அப்போது ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். மறக்கவில்லை. காலையில் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். எங்கும் உறைபனி. அவன் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். வெள்ளை தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். என் பழுப்புக் கம்பளியைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன்.

"ஏனப்பா பரமசிவா, இந்தக் குளுருக்குத் துண்டு தாங்குமா? தலையோட போத்திக்க."

"உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணுங்க ஐயா" என்றான். கண் கலங்கியிருந்தது. கம்பளி ஏறக்குறைய கடமான் நிறம்தான். இந்தப் பக்கத்துக் கம்பளிகள் பலதும் அந்த நிறம்தான், நான் என்ன செய்ய?

துரையும் நானும் டியூக்கும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தகரச் சத்தம் கேட்டது. சோலையிலிருந்து ஒரு கடமான் வெளியே வந்தது. கொம்பைச் சொல்லி மாளாது. நிதானமாக நின்று எங்களைப் பார்த்தது. துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து மாட்டுவதற்குள் அது ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறிப் போய்விட்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் இன்னொன்று வரும், துப்பாக்கியை இறக்காதீர்கள் என்று தைரியம் சொன்னேன்.

தகரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் காட்டுப்பூவரசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பரமசிவனும் உட்கார்ந்திருப்பான். அவன் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன். நாயின் கயிறு கை நழுவிவிட்டது, குளிரில் விரல் மரத்திருந்தது என்று ரிப்போர்ட்டில் சொல்லியிருக்கிறேன். விரல் மரத்தவனால் முடிச்சை அவிழ்க்க முடியாது ஐயா. நான் அவிழ்த்தேன். டியூக் ஓடைக்குள் பாய்ந்து, மான் போன வாடையைப் பிடித்துக்கொண்டு குரைத்தது. நன்றாகவே குரைத்தது. மற்றவர்கள் அசையவில்லை. பழுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒருவன் மட்டும் உயரப் புல்லுக்குள் குனிந்தபடி ஓடையை நோக்கி ஓடி வந்தான். இங்கேயும் அவன்தான் முந்தினான்.

சாக்கின் மேல் ஒரு நாளும் படாத துரையின் குண்டு அன்றைக்குப் பட்டது.

தெய்வம்மா வந்தபோது ஒப்பாரி வைக்கவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து அவன் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நாயி கொரைச்சா அவரு ஒரு எடத்துல நிக்கமாட்டாருங்க. நாயை யாரு அவுத்து விட்டது?" அத்தனை பேரில் அவளுக்கு மட்டும்தான் அது தோன்றியது. போலீஸில் இருந்திருக்க வேண்டியவள். அவள் மனுவிலும் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பாள். பெர்மனென்ட் ஆகாதவன் குடும்பத்துக்கு எஸ்டேட்டில் இடமில்லை என்பதால் உரக்கொட்டகையையும் காலிசெய்யும்படி ஆயிற்று. ஓவேலிப் பக்கம் எங்கோ கூலிக்குப் போகிறாள் என்று கேள்வி. போவதற்கு முன் என் கம்பளியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டையை மட்டும் தைக்கவில்லை. சிலோன்காரிகளுக்கு ஊசிநூல் வேலை அவ்வளவாக வராது போலிருக்கிறது.

அருவிப் பாதையில் இப்போது யாரும் போவதில்லை. பேய் இருக்கிறது என்கிறார்கள். அதற்குள் புதுச் சட்டம் வந்து வேட்டைச் சீட்டும் நின்றுவிட்டது. அதனால் கதவுக்கும் யாரும் வருவதில்லை. இருந்தாலும் பூட்டுக்கு வாராவாரம் எண்ணெய் போடுகிறேன்.

எழுந்துவிட்டீர்களா? கொஞ்சம் இருங்கள், ஒன்று விட்டுப்போயிற்று. இது துரையும் சொல்லியிருக்கமாட்டார். சொன்னால் அவர் கழுத்துக்கே சுருக்காக வரும். அவரை நான் குருடர் மாதிரி பேசிவிட்டேன், அது நியாயமில்லை. குறி பார்த்தவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். என் பக்கம் திரும்பி, "நல்லசாமி, அது ஆளுதானே?" என்று கேட்டார்.

துரைமார் எதைச் சொன்னாலும் ஆமாம் போட்டே தலை நரைத்தவன் நான். மழை பெய்யும்போது வெயில் அடிக்கிறது என்பார்கள், ஆமாங்க தொரை என்பேன். இவ்வளவு கால சர்வீஸில் ஒரு துரையிடம் நான் துணிந்து 'இல்லைங்க' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.